சுவரொட்டியில் விடுபட்ட சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள மண்டபம் ஒன்றில், வெளிநாட்டு ஊழியர்களுக்கு நிதி திரட்டும் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. முப்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நடத்தியவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர்களில் சிலரை நான் அறிவேன். வார நாள்களில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடியவர்கள், நிகழ்ச்சி முடிந்த பிறகு இரவு பதினொரு மணி வரை தாங்களே நாற்காலிகளை அடுக்கியவர்கள். அவர்கள் அடுத்த ஆண்டும் இதை நடத்தவேண்டும் என்று விரும்புவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதத் துணிந்தேன்.

நிகழ்ச்சிக்கு இரண்டு சுவரொட்டிகள் அச்சிட்டிருந்தார்கள். அச்சாலையை ஒட்டிய தேக்கா வட்டாரத்தில் நான் வழக்கமாகச் செல்லும் மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவில் இரண்டும் அருகருகே ஒட்டப்பட்டிருந்தன. ஆங்கிலத்தில் இருந்தது, குடியேறிகள், தொழிலாளர்கள் ஆகியோரின் உரிமைகளுக்காக நடத்தப்படும் நிகழ்ச்சி என்று பெரிய எழுத்தில் சொன்னது. தமிழில் இருந்தது, 'வெளிநாட்டு ஊழியர் நலனுக்காக ஓர் இசை மாலை' என்றது. மொழிபெயர்த்தவரின் கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தபோது, இரண்டில் தமிழ்ச் சுவரொட்டிதான் நடக்கப்போவதைச் சரியாகச் சொல்லியிருந்தது என்று பட்டது.

இசையில் எனக்குக் குறையே இல்லை. பறை முழங்கத் தொடங்கியதும் மாடி வரிசையில் இருந்த இளைஞர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வங்காளத் தொழிலாளர் ஒருவர் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடிய படகோட்டிப் பாட்டின் ஒரு சொல்கூட எனக்குப் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தோனீசியப் பணிப்பெண்கள் ஐவர் மூங்கில் அங்க்லுங் குலுக்கி வாசித்தார்கள். ஞாயிறு ஒன்றைத் தவிர வேறு நாளில் ஒன்றுகூட முடியாதவர்கள் எப்படி இத்தனை துல்லியமாக ஒத்திகை பார்த்தார்கள் என்று வியந்தேன்.

இடைவேளைக்குப் பிறகுதான் எனக்கு நெருடத் தொடங்கியது. மாடியில் தனியாக உட்கார வைக்கப்பட்டிருந்த ஊழியர்களில் இருபது பேரைப் பெயர் சொல்லாமல், 'நம் சகோதரர்கள்' என்று அழைத்து மேடையில் வரிசையாக நிறுத்தினார்கள். முன்வரிசை ஆதரவாளர்கள் ஒவ்வொருவராக ஏறி ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள். ஒரு துண்டு, வேர்க்குருப் பவுடர், மைலோ பொட்டலங்கள், ஒரு சோப்பு. பையைக் கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்த்து நிற்கவேண்டும் என்பதற்காக ஓர் இளைஞரை இருமுறை திரும்பி நிற்கச் சொன்னார்கள். அவர் இரண்டாம் முறையும் சிரித்தார். கைகுலுக்குவதற்கு இடக்கையை நீட்டினார். வலக்கையில் கட்டு இருந்தது.

பையை வாங்கிக்கொண்டு இறங்கிய அந்த இளைஞர், மாடிக்குத் திரும்பாமல் என் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையில் அமர்ந்தார். மன்னார்குடிப் பக்கத்துக்காரர். சற்று நேரம் பாட்டைக் கேட்டவர், பிறகு குனிந்து, "ஐயா, இந்த வசூலாகுற காசு எங்க கேஸுக்கு வருமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு நடத்தியவர்களிடம் விசாரித்தபோது, திரளும் தொகையில் பெரும்பகுதி தீபாவளி அன்பளிப்புப் பைகளுக்கும் ஒருநாள் சுற்றுலாவுக்கும் செலவிடப்படும் என்று சொன்னார்கள். சுற்றுலாவை நான் இழிவாகக் கருதவில்லை. துவாஸ் தொழிற்பேட்டையில் இரண்டு ஆண்டு இருந்தும் கடற்கரையைக் கண்ணால் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் முதலாளி மீது கொடுத்த புகாரைக் குறித்து 'கேஸ்' என்று அவர் சொன்ன சொல்லுக்கும் சுற்றுலாவுக்கும் இடையே இருக்கும் தூரத்தைத்தான் நான் இங்கே பேச விரும்புகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்களானால், ஒரு கட்டுமானத் துணைக் குத்தகை நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். 2016 ஏப்ரலில்தான் விவரமான சம்பளச் சீட்டு கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பு காக்கி உறையில் பணத்தைப் போட்டு மேலே தொகையை மட்டும் பென்சிலால் எழுதிக் கொடுப்போம். சட்டம் வந்தபின் சீட்டு அச்சிட்டோம். அதில் 'இதர பிடித்தம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நாற்பது வெள்ளி போடு என்று மேலே இருந்து சொல்வார்கள், போடுவேன். எதற்கு என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சீட்டை வாங்கியவர்களும் கேட்டதில்லை. இன்று ஓய்வுபெற்று, சில ஞாயிறுகளில் தொண்டூழியராக மற்றவர்களின் சீட்டைப் படித்துச் சொல்கிறேன் என்றால் அதில் கொஞ்சம் பரிகாரமும் உண்டு.

நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்த இளைஞரோடு கோப்பிக்கடையில் உட்கார்ந்து, அவர் கைப்பேசியில் வைத்திருந்த சீட்டைப் பார்த்தேன். மாத அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி. மிகைநேரம் 72 மணி, மணிக்கு 3 வெள்ளி 15 காசு. பார்ப்பதற்கு ஒழுங்கான சீட்டுதான். ஆனால் கணக்கு எப்படி வரவேண்டும் என்றால், மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, ஆண்டின் 52 வாரங்களை வாரத்துக்கு 44 மணியால் பெருக்கி வரும் 2,288ஆல் வகுக்கவேண்டும். அப்படி வருவதுதான் 3 வெள்ளி 15 காசு. அது சாதாரண மணிக்கூலி. மிகைநேரத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 4 வெள்ளி 72 காசு தரவேண்டும் என்கிறது வேலை நியமனச் சட்டம். மாதத்துக்கு ஏறத்தாழ 113 வெள்ளி குறைகிறது. ஓர் ஆண்டில் ஆயிரத்து முந்நூறுக்கு மேல். மேடையில் அவர் வாங்கிய பையின் மதிப்பு, நான் கடைவிலையில் கூட்டிப் பார்த்த வரையில், பன்னிரண்டு வெள்ளி.

அதோடு முடியவில்லை. வேலையிடத்தில் அடிபட்டு மருத்துவ விடுப்பில் இருப்பவருக்கு, வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி முதல் 14 நாள்களுக்கு, மருத்துவமனையில் தங்கியிருந்தால் 60 நாள்களுக்கு, முழுச் சம்பளமும் அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்கும் தரவேண்டும். இந்தச் 'சம்பளம்' வெறும் அடிப்படைச் சம்பளமன்று; மிகைநேர வருமானமும் சேர்ந்த சராசரி. ஆகவே மிகைநேரத்தில் செய்த குறை, கை அடிபட்ட பிறகும் அவரைத் தொடர்ந்து வருகிறது. நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடும் இதே சராசரியின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. 113 வெள்ளி என்று நாம் நினைப்பது உண்மையில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இவை எவையும் இரக்கத்தால் கிடைப்பவை அல்ல என்பதைத்தான் வலியுறுத்த விரும்புகிறேன். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் அச்சாகி இருப்பவை. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளமும் பதினான்கு நாள்களுக்குள் மிகைநேரப் பணமும் தரப்படவேண்டும். வேலைக்கு வருமுன் கொடுக்கப்படும் ஐபிஏ என்ற வேலை அனுமதி முன்னொப்புதல் கடிதத்தில் எழுதியிருக்கும் சம்பளத்தை, ஊழியர் எழுத்துபூர்வமாக இசைந்தாலன்றிக் குறைக்க முடியாது. வேலை கொடுப்பதற்காக ஊழியரிடம் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமும் ஈராண்டு வரை சிறையும் உண்டு. 2017இல் வேலை நியமனக் கோரிக்கைகளுக்கென்றே நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. அங்கே இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது என்பதால், ஊழியர் தம் கையில் உள்ள காகிதத்தையும் தம் வாயையும் நம்பித்தான் போகவேண்டும். எனவே காகிதத்தைப் படிக்கத் தெரிந்திருப்பதே அவருக்குப் பாதி வழக்கு.

காலக்கெடுவும் உண்டு. வேலையில் இருந்துகொண்டே புகார் செய்வதாயின் ஓராண்டுக்குள், வேலையை விட்டபின் என்றால் ஆறு மாதத்துக்குள் சம்பளக் கோரிக்கையைப் பதிவு செய்யவேண்டும். விபத்துக்கான இழப்பீட்டுக் கோரிக்கைக்கு ஓராண்டு. ஊருக்குத் திரும்பி ஏழு மாதம் கழித்து, கூட வேலை பார்த்தவர் மூலம் எனக்குச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். கணக்கெல்லாம் சரியாகத்தான் வந்தது. நாள் மட்டும் கடந்துவிட்டிருந்தது. நுழைவுச்சீட்டின் பின்புறம் அன்று வெறுமையாக இருந்தது. இந்த மூன்று காலக்கெடுக்களைத் தமிழிலும் வங்காளத்திலும் அங்கே அச்சிட்டிருந்தால் கூடுதலாக ஒரு காசும் செலவாகியிருக்காது.

'கேஸ்' போட்டவரின் நிலை என்ன என்பதையும் அரங்கில் இருந்த பலர் அறிந்திருக்கமாட்டார்கள். வேலை அனுமதி ரத்தானவுடன் ஸ்பெஷல் பாஸ் என்ற ஒரு தாள் கொடுக்கப்படும். கோரிக்கை முடியும்வரை நாட்டில் இருக்கலாம். பெரும்பாலும் வேலை செய்ய இயலாது. அதுவரை தங்குமிடமும் சாப்பாடும் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தம் மீது புகார் கொடுத்தவருக்கு அதே முதலாளி எவ்வளவு மனமுவந்து சோறு போடுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊரில் வட்டிக்கு வாங்கிய ஏஜெண்ட் காசு ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்கும். மருத்துவமனைக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் இருக்காது. கைப்பேசியில் காசு தீர்ந்தால் மனிதவள அமைச்சிலிருந்து வரும் அழைப்புக்குத் திருப்பிப் பேச முடியாது. 2008 முதல் 'கஃப் ரோடு' திட்டத்தின் வழி இத்தகையோருக்கு இலவச உணவு வழங்கிவரும் டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பும், 2004இல் தொடங்கிய ஹோம் என்ற வெளிநாட்டு ஊழியர் உதவி அமைப்பும், 2006 முதல் மருத்துவ உதவி செய்துவரும் ஹெல்த்சர்வும், தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் இணைந்து 2009இல் அமைத்த வெளிநாட்டு ஊழியர் நிலையமும் இந்த இடைவெளியைத்தான் ஆளுக்கொரு பக்கமாக அடைத்து வருகின்றன. இசை நிகழ்ச்சியில் திரளும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதப் பேருந்துக் கட்டணம், நன்கு தமிழும் வங்காளமும் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளர், ஊரிலிருந்து ஆவணம் வரவழைக்கும் செலவு என்று பட்டியல் போட்டால் சிறியதாகத்தான் தெரியும். கேஸைப் பாதியில் விட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சிறிய செலவுகளால்தான் ஏறுகிறார்கள்.

பணிப்பெண்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மேலே நான் எழுதிய மிகைநேரக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. வேலை நியமனச் சட்டத்துக்குள் அவர்கள் வருவதில்லை. 2013 முதல் வாரம் ஒருநாள் ஓய்வு என்று விதி இருந்தாலும் பணம் கொடுத்து அந்நாளை வேலைநாளாக மாற்றிக்கொள்ள வீட்டுக்காரருக்கு வழி இருந்தது. 2023 முதல்தான் மாதத்தில் ஒருநாளையாவது எதைக் கொடுத்தும் மாற்ற முடியாது என்றாயிற்று. அங்க்லுங் வாசித்த ஐவரில் யாருக்கேனும் அந்த ஞாயிறு அம்மாதத்தின் ஒரே ஓய்வு நாளாக இருந்திருக்கலாம். அதை அவர்கள் நமக்காக வாசிப்பதில் கழித்தார்கள். அறிவிப்பாளரோ அவர்களைப் 'பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டவர்கள்' என்று அறிமுகப்படுத்தினார்.

நேரத்தைப் பற்றியும் பேசவேண்டும். நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்குவதாக இருந்து ஏழே முக்காலுக்குத் தொடங்கியது. சுங்கை காடுட் பக்கம் ஒரு தங்குவிடுதியில் இருக்கும் ஆறு ஊழியர்கள் தாங்களே கட்டிய பாட்டொன்றைப் பாட இருந்தார்கள். ஆறு ஞாயிறுகள் விடுதியின் துணி காயப்போடும் இடத்தில் நின்று பயிற்சி செய்ததாக அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் பாட்டு கடைசிக்கு முந்தியதாக வைக்கப்பட்டிருந்தது. ஒன்பதரைக்குப் பிறகு மாடி வரிசை காலியாகத் தொடங்கியது. மறுநாள் காலை நாலரைக்கு எழுந்து, வரிசையில் நின்று குளித்து, ஆறு மணிக்கு முன்பு லாரிக்கு நிற்கவேண்டியவர்கள் வேறென்ன செய்வார்கள்? அறுவரில் நால்வர் போய்விட்டார்கள். பத்தேகாலுக்கு மேடையேறிய இருவர், ஆறு பேருக்கான பாட்டை, குழுவாகச் சேர்ந்து பாடவேண்டிய வரிகளில் சற்றுத் தடுமாறியபடி, பாதி காலியான அரங்கத்தில் பாடி முடித்தார்கள். ஐபிஏவில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்பதுதான் அப்பாட்டின் பொருள். அன்று மாலை முழுவதிலும் சம்பளம் என்ற சொல் மேடையில் ஒலித்தது அந்த ஒரு முறைதான். அதைக் கேட்கவேண்டிய முன்வரிசை, பைகளைக் கொடுத்த கையோடு புறப்பட்டுப் போயிருந்தது.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடித்திருந்தால் என்ன குறை? தேக்காவில்தான் நடத்தவேண்டும் என்பதும் கட்டாயமில்லை. பெஞ்சுரு, காக்கி புக்கிட் போன்ற இடங்களில் ஊழியர்களுக்கென்றே பொழுதுபோக்கு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே நடத்தினால் நாம் பயணம் செய்யவேண்டியிருக்கும், அவ்வளவுதான். நாளுக்கும் பஞ்சமில்லை: மே தினம் இருக்கிறது, ஐக்கிய நாட்டு நிறுவனம் 1990இல் புலம்பெயர் தொழிலாளர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட டிசம்பர் 18 இருக்கிறது. மேடையைத் தாங்களே நடத்த இவர்களுக்குத் தெரியுமா என்று தயங்குகிறவர்கள், 2014இல் இங்கே தொடங்கிய புலம்பெயர்ந்த தொழிலாளர் கவிதைப் போட்டியை நினைத்துப் பார்க்கலாம். எழுதியதும் அவர்களே, தம் மொழியில் எழுந்து நின்று வாசித்ததும் அவர்களே.

பாடியவர்களுக்குப் பணம் கொடுத்திருக்கலாமே என்று என்னோடு வந்த நண்பர் கேட்டார். நல்லெண்ணத்தில் கேட்டதுதான், ஆனால் ஆபத்தான யோசனை. வேலை அனுமதி பெற்றவர் அந்த அனுமதியில் குறித்துள்ள முதலாளியிடம், குறித்துள்ள வேலையைத்தான் செய்யலாம். மேடையில் பாடிக் கூலி வாங்கினால் அனுமதிக்கே வினையாகும். கொடுக்க நினைப்பவர்கள் பாடகரின் சட்டைப்பையில் திணிக்காமல், முறைப்படி பதிவுபெற்ற அமைப்பின் கணக்கில் கொடுப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

கணக்கு என்று வந்துவிட்டதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். 1971 ஆகஸ்டு முதல் தேதி நியூயார்க்கில், பண்டிட் ரவி சங்கரின் வேண்டுகோளை ஏற்று பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்திருந்த ஜார்ஜ் ஹாரிசன் வங்காளதேச அகதிகளுக்காக இரண்டு காட்சிகள் நடத்தினார். நுழைவுச்சீட்டு வசூலான சுமார் 2,43,000 அமெரிக்க டாலர் சில நாள்களிலேயே யூனிசெஃபிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் நிகழ்ச்சியின் இசைத்தட்டில் வந்த பெரும்பணம், உரிய வரிவிலக்கை முன்கூட்டியே பதிவு செய்யாத காரணத்தால் அமெரிக்க வரித்துறையின் பிடியில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடந்தது. அகதிகள் பசியோடு இருந்த ஆண்டுகள் அவை. உலகப் புகழ்பெற்றவர்களுக்கே அப்படி என்றால், நம் போன்றவர்கள் இரசீதுப் புத்தகத்தை முதலிலேயே திறந்து வைப்பது நல்லது. சிங்கப்பூரில் அறநிறுவனங்கள் நிதி திரட்டும்போது, திரட்டும் செலவு மொத்த வரவில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி இருக்கிறது. மண்டப வாடகை, ஒலி ஒளி, விருந்தினர் உணவு, பொன்னாடை எல்லாம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டன என்று தெரிந்துகொள்ள முப்பது வெள்ளி கொடுத்த எனக்கே ஆவல் இருக்கிறது. பொன்னாடை மட்டும் பதினேழு, எண்ணினேன்.

ஆதரவாளர்களைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொன்னாடை பெற்றவர்களில் ஒருவருடைய ஊழியர்களின் சம்பளச் சீட்டுகளை நான் படித்திருக்கிறேன். அவர் யார் என்பது இக்கடிதத்துக்குத் தேவையில்லை. நடத்தியவர்களுக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்று அவர் தம் ஊழியர்கள் முப்பது பேரை அரங்கை நிறைக்க லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். மழை பெய்ததால் தோள் நனைந்தபடிதான் அவர்கள் மாடிக்கு ஏறினார்கள். நன்கொடையைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. விளம்பரப் பலகையில் பெயர் போடுவதற்கு முன், தம் நிறுவனத்தில் சம்பளமும் மிகைநேரமும் உரிய நாளில், உரிய விகிதத்தில் கொடுக்கப்படுகின்றன என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன். கையெழுத்துப் போடத் தயங்குபவர் யார் என்பதாவது தெரியவரும்.

'உரிமை' என்று போட்டால் மண்டபம் கிடைக்காது, ஆதரவாளர் வரமாட்டார், ஏதோ கொடிபிடிக்கும் கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று ஏற்பாட்டாளர் ஒருவர் என்னிடம் விளக்கினார். வெளிநாட்டவர் பங்கேற்கும் நிகழ்ச்சிகளுக்கு இந்நாட்டில் கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றை மீறச் சொல்லவில்லை. ஆனால் சட்டப்புத்தகத்தில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டுவது எந்தக் கட்டுப்பாட்டை மீறியதாகும்? ஆங்கிலச் சுவரொட்டிக்கு வராத அச்சம் தமிழ்ச் சுவரொட்டிக்கு மட்டும் வந்தது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நம் வீடுகளில் உரிமை என்பது உறவின் சொல்லாகத்தான் புழங்குகிறது. விருந்தாளி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். வீட்டுப்பிள்ளை உரிமையோடு அடுப்படிக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கும். 'நலன்' என்று எழுதும்போது அவர்களை நாம் விருந்தாளிகளாகவே கூடத்தில் உட்கார வைக்கிறோம்.

தங்கள் துறையின் முன்னோடி ஒருவரையும் இங்கே நினைவுகூர அனுமதியுங்கள். 1935இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, ஐம்பதுகளில் தமிழர்கள் குடியுரிமைக்கு மனுச் செய்யவேண்டும் என்று எழுதியும் பேசியும் ஊக்குவித்தார். பையில் ஏதேனும் போட்டுக் கொடுத்து அவர் நிறுத்திக்கொண்டிருந்தால், துறைமுகத்திலும் கடற்படைத் தளத்திலும் கூலிவேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நம்மில் எத்தனை பேர் இன்று முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்போம் என்று தெரியவில்லை.

கட்டுமானம், கப்பல் பட்டறை, எண்ணெய்-ரசாயன ஆலைப் பணி ஆகிய துறைகளில் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை அனுமதியில் இருக்கிறார்கள். ஓர் இசை நிகழ்ச்சியால் அத்தனை பேரின் சீட்டையும் திருத்த முடியாது. மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட முடியும். அடுத்த நிகழ்ச்சிக்கு ஏற்பாட்டாளர்கள் இசைந்தால், கணக்கிடும் கருவியும் இரண்டு பேனாக்களுமாக மூன்று மணி முதல் அம்மேசையில் உட்கார நான் தயார். சம்பளப் பட்டியல் போட்டு ஓய்வுபெற்ற இன்னும் மூவரையும் அழைத்து வருகிறேன். மன்னார்குடி இளைஞரின் கோரிக்கை இப்போது, அரசும் தொழிற்சங்கமும் முதலாளிகள் தரப்பும் சேர்ந்து அமைத்த முத்தரப்பு அமைப்பின் சமரசப் பேச்சில் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை அவருக்கு இரண்டாம் சந்திப்பு. மிகைநேரக் கணக்கை மாதவாரியாக எழுதி, ஐபிஏவின் நகலோடு சேர்த்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அன்று அவருடைய பேருந்து அட்டையில் பணம் நிரப்பியது, என் பக்கத்து இருக்கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மையார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளப் பட்டியல் எழுத்தர்,
தோ பாயோ